ரொட்டிக்காரரின் கல்லறை

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தரப்படுகிறது.)



ரோம்னு சொன்னா நமக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லிக் கொடுத்தாங்க? சீசர், கொலோசியம், ரோம் எரியும்போது நீரோ பிடில் வாசித்த கதை. பிடில் என்கிற வாத்தியமே அப்போது கிடையாது, அது வேற விஷயம். ரோமானியக் கலை என்றால் வெள்ளைப் பளிங்குச் சிலைகள். அந்தச் சிலைகளும் வெள்ளையாக இருந்ததில்லை. வண்ணம் பூசித்தான் வைத்திருந்தார்கள். மண்ணுக்குள் கிடந்து சாயம் போனதைப் பார்த்துவிட்டு, அதுதான் தூய அழகு என்று பின்னால் வந்தவர்கள் முடிவு கட்டினார்கள்.

நான் இன்று பேச வந்தது அந்தச் சிலைகளைப் பற்றி அல்ல. ரொட்டி சுட்டவர்கள், துணி வெளுத்தவர்கள், பிரசவம் பார்த்தவர்கள், கோழி விற்றவர்கள் ஆகியோர் விட்டுச்சென்ற கலையைப் பற்றி. இவர்களில் பலர் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர்கள். இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தமிழில் வரும் வரலாற்றுப் புத்தகங்களில் சிசரோ 'அவர்', அடிமை 'அவன்'. நான் எல்லோரையும் அவர் என்றே சொல்லப்போகிறேன்.

ஏன் ரோம் என்று கேட்கலாம். அம்பேத்கர் ரோமை ஊன்றிப் படித்தவர். 1936இல் அவரைப் பேசவிடாமல் போன 'சாதி ஒழிப்பு' உரையில் பிளபியன் மக்களின் போராட்டம் வருகிறது. தீண்டாதாரையும் அடிமைகளையும் ஒப்பிட்டு எழுதிய கட்டுரையில் ரோமானிய அடிமைகள் மருத்துவராக, ஆசிரியராக, கலைஞராக இருந்ததை எடுத்துக்காட்டி, தீண்டாமை அந்த வாசலையும் அடைத்துவிட்டது என்று வாதிடுகிறார். ஆகவே இரண்டுக்கும் நடுவில் நான் சமக்குறி போடப்போவதில்லை. ரோமை ரோமாகவே பார்ப்போம்.

முதலில் மேலே இருந்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்று பார்த்துவிடலாம். கி.மு. 44இல் சிசரோ தன் மகனுக்காகக் 'கடமைகள்' பற்றி ஒரு நூல் எழுதினார். கூலிக்கு உடலை விற்கிறவன் வாங்கும் கூலியே அடிமைத்தனத்துக்கான முன்பணம் என்கிறார். பட்டறையில் கண்ணியமான எதுவும் இருக்க முடியாதாம். மீன்காரர், கறிக்கடைக்காரர், சமையல்காரர் எல்லோரும் இழிதொழில் பட்டியலில். சில்லறை வியாபாரி பொய் சொல்லாமல் பிழைக்க முடியாது. மொத்த வியாபாரி மட்டும் அவ்வளவு மோசமில்லை! கடைசியில் சிறந்தது விவசாயம் என்கிறார். விவசாயம் என்றால் ஏர் பிடிப்பது அல்ல, நிலம் வைத்திருப்பது. இந்த சிசரோ சொல்லச் சொல்ல எழுதி, அவருடைய எழுத்துகள் நம் கைக்கு வந்துசேர உழைத்தவர் டிரோ. அவருக்கு அடிமையாக இருந்து கி.மு. 53இல் விடுதலை பெற்றவர்.

விடுதலை என்றால் என்ன? ரோமானியக் குடிமகன் ஒருவர் தன் அடிமையை முறைப்படி விடுவித்தால், அவரும் குடிமகன் ஆகிவிடுவார். எஜமானின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்வார். டிரோ மார்க்கஸ் டுல்லியஸ் டிரோ ஆனது அப்படித்தான். ஆனால் கல்வெட்டில் ஒரு எழுத்து காட்டிக்கொடுத்துவிடும். சுதந்திரமாகப் பிறந்தவர் இன்னாரின் மகன் என்று 'எஃப்' எழுத்தைப் போடுவார். விடுதலை பெற்றவர் இன்னாரின் விடுவிக்கப்பட்டவர் என்று 'எல்' எழுத்தைப் போடவேண்டும். சட்டத்தின் கண்ணில் அடிமைக்கு அப்பா கிடையாது. அந்த ஒற்றை எழுத்து சாகும்வரை ஒட்டிக்கொண்டிருக்கும். நகரப் பதவிகளுக்கு அவர் போட்டியிட முடியாது. விடுதலைக்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்குத்தான் அந்தத் தடை கிடையாது.

இப்போது கல்லறைக்கு வருவோம். ரோம் நகரில் போர்ட்டா மஜ்ஜோரே என்கிற பழைய வாசலுக்கு வெளியே விசித்திரமான ஒரு கட்டடம் நிற்கிறது. கி.மு. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டியது. கீழே நெட்டுக்குத்தான உருளைகள், மேலே வாய் திறந்து படுத்திருக்கும் உருளைகள். முதலில் பார்த்தால் தொழிற்சாலை மாதிரி இருக்கும். மாவு பிசையும் எந்திரத்தின் தொட்டிகளைத்தான் கல்லில் செய்து அடுக்கியிருக்கிறார்கள் என்பது பலருடைய கருத்து. பிற்காலத்தில் கோட்டைக் கோபுரத்துக்குள் புதைந்துபோய், 1838இல் அந்தக் கோபுரத்தை இடித்தபோதுதான் வெளியே வந்தது. மார்க்கஸ் வெர்ஜிலியஸ் யூரிசாசஸ் என்ற ரொட்டிக்காரரின் கல்லறை இது. தான் ரொட்டிக்காரர், ஒப்பந்தக்காரர் என்று கட்டடத்தின் நெற்றியில் எழுதியிருக்கிறார். கிரேக்கப் பெயர். அடிமையாக இருந்தவராகத்தான் இருக்கவேண்டும் என்று பெரும்பாலோர் சொல்கிறார்கள். ஆனால் கல்வெட்டில் 'எஃப்' எழுத்தும் இல்லை, 'எல்' எழுத்தும் இல்லை. அப்பா பெயரும் இல்லை, எஜமான் பெயரும் இல்லை. தொழில்தான் இருக்கிறது. சிசரோ காறித்துப்பிய தொழில் வரிசையைப் பார்த்தோமே, அதே தலைமுறையில் ஒருத்தர் தன் தொழிலையே தன் குலம் கோத்திரமாக எழுதி, ஊருக்குள் நுழைகிற எல்லோரும் பார்க்கிற மாதிரி நிறுத்திவிட்டார். இரண்டாயிரம் வருஷம் கழித்துப் பார்க்கும்போதும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அவருடைய மனைவி அடிஸ்டியாவின் எச்சங்களை ரொட்டிக் கூடையில் வைத்ததாக அங்கே கிடைத்த இன்னொரு கல்வெட்டு சொல்கிறது.

கட்டடத்தின் மேல் விளிம்பில் ஒரு புடைப்புச் சிற்ப வரிசை ஓடுகிறது. தானியம் வந்து இறங்குகிறது, கணக்கு எழுதுகிறார்கள். கழுதைகள் எந்திரக்கல்லைச் சுற்றுகின்றன. சலிக்கிறார்கள், பிசைகிறார்கள், நீளமான மேசைகளில் உருட்டுகிறார்கள், ஒருவர் அடுப்புக்குள் நீளக் கரண்டியை விடுகிறார். கடைசியில் பெரிய தராசில் ரொட்டிக் கூடைகள். வேலையின் ஒவ்வொரு கட்டமும் வரிசை மாறாமல் இருக்கிறது. பேரரசர்களின் வெற்றித் தூண்களில் படையெடுப்பைச் செதுக்குகிற மாதிரி இங்கே ரொட்டி சுடுவதைச் செதுக்கியிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். சிற்ப வரிசையில் இரண்டு விதமான ஆட்கள் இருக்கிறார்கள். முழங்காலளவு சட்டை போட்டவர்கள், இடுப்புக்கு மேலே ஒன்றும் போடாதவர்கள் ஒருவகை. குடிமக்களுக்கு மட்டுமே உரிய டோகா ஆடை சுற்றியவர்கள் இன்னொரு வகை. டோகாக்காரர்கள் நிற்கிறார்கள், பார்க்கிறார்கள். குனிந்திருப்பவர்கள் எல்லாம் சட்டைக்காரர்கள். யூரிசாசஸுக்கு மூன்று பெயர். மேசையில் மாவு உருட்டுகிறவருக்கு ஒரு பெயரும் இல்லை. உழைப்பைப் போற்றும் கலை என்று இதைச் சொன்னால் பாதிதான் சொன்ன மாதிரி. இது முதலாளியின் கலையும்கூட.

அந்த மேசைக்குப் பின்னால் என்ன இருந்தது? 2ஆம் நூற்றாண்டில் அபுலேயஸ் எழுதிய நாவலில் கழுதையாக மாறிப்போன ஒருவன் ரொட்டிப் பட்டறை ஒன்றில் மாட்டிக்கொள்கிறான். அங்கே அவன் பார்க்கும் மனிதர்களுக்கு நெற்றியில் சூடு போட்ட எழுத்து, பாதி மழித்த தலை, காலில் வளையம், முதுகில் சாட்டைத் தழும்பு, புகையில் வெந்துபோன கண். கழுதையின் கண்ணால் பார்த்தால்தான் இது தெரிகிறது என்பது ஆச்சரியம். டோகாக்காரர் கண்ணுக்கு இது தெரியவில்லை. இதெல்லாம் கதாசிரியரின் மிகை என்று ஒதுக்கியவர்களும் உண்டு. 2023 டிசம்பரில் பாம்பெய் அகழாய்வுத் துறை ஒரு ரொட்டிப் பட்டறையை வெளியிட்டது. வெசுவியஸ் எரிமலை கி.பி. 79இல் மூடிய பட்டறை. ஜன்னல்கள் சின்னதாக, உயரத்தில், இரும்புக் கம்பியோடு. தெருவுக்கு நேரே போக வழியில்லை. வீட்டுக்காரர் இருக்கும் பகுதி வழியாகத்தான் எதுவும். தரையில் பாவிய கருங்கல்லில் அரைவட்டமாக வெட்டுத் தடங்கள். கண்ணைக் கட்டிய கழுதைகளும் அவற்றை ஓட்டியவர்களும் நெருக்கடியான இடத்தில் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் சுற்றுவதற்காக வெட்டியது. அகழாய்வாளர்களே அபுலேயஸின் அந்தப் பக்கங்களை எடுத்துக்காட்டினார்கள்.

இனி சிரிப்பு பற்றி. நீரோவின் சபையில் இருந்து கி.பி. 66இல் செத்துப்போன பெட்ரோனியஸ் எழுதிய நூலில் டிரிமால்கியோ என்றொரு பாத்திரம். அடிமையாக இருந்து பெரும்பணக்காரர் ஆனவர். வீட்டு வாசல் சுவரில் தன் வாழ்க்கையை ஓவியமாக வரைந்து வைத்திருக்கிறார். அடிமைச் சந்தையில் நின்றது, கணக்கு எழுதக் கற்றது, காசாளர் ஆனது, கடைசியில் மெர்க்குரி தெய்வமே தாடையைப் பிடித்து மேடைக்குத் தூக்கிவிடுவது. தன் கல்லறைக்கு அவர் சொல்லும் குறிப்பு இன்னும் தமாஷ். பாய் விரித்த கப்பல்கள் வேண்டும், தான் மேடையில் உட்கார்ந்து பையிலிருந்து காசு கொட்டவேண்டும், மூன்று கோடி செஸ்டர்ஸ் விட்டுச்சென்றார், ஒரு தத்துவவாதி பேச்சையும் கேட்டதில்லை என்று எழுதவேண்டும். வாய்விட்டுச் சிரித்துத்தான் நானும் படித்தேன். ஆனால் யார் சிரிக்கிறார்கள் என்று பார்க்கணும். பேரரசருக்கு ரசனை சொல்லிக்கொடுத்த பிரபு சிரிக்கிறார். புதுப்பணக்காரனுக்கு ரசனை கிடையாது என்பது அவருடைய நகைச்சுவை. இதையே ஆதாரமாக வைத்துக்கொண்டு, விடுதலை பெற்றவர்களின் கலை எல்லாமே பகட்டு, மேலே உள்ளவரைப் பார்த்துச் செய்த அரைகுறை நகல் என்று பல ஆய்வாளர்கள் வெகுகாலம் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாவல் பாத்திரத்தைக் கொண்டுவந்து யூரிசாசஸ் மேல் ஏற்றிவிட்டார்கள். 2006இல் லாரன் பீட்டர்சன் ஒரு புத்தகம் முழுக்க இந்தப் பழக்கத்தைக் கேள்வி கேட்டிருக்கிறார்.

இதற்கு முன்பே வேறு பக்கத்திலிருந்து அடித்தவர் இத்தாலிய மார்க்சியர் ரனூச்சோ பியாங்கி பண்டினெல்லி. 1938இல் ஹிட்லர் இத்தாலி வந்தபோது அருங்காட்சியகங்களைச் சுற்றிக்காட்டும் வேலை இவர் தலையில் விழுந்தது. பிற்பாடு கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1967இல் 'பிளபியன் கலை' என்று ஒரு கருத்தை வைத்தார். முக்கியமானவரைப் பெரிதாகக் காட்டுவது, எல்லோரையும் நேர்முகமாகத் திருப்பி வைப்பது, தூரம் கிட்டம் பார்க்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது, இதெல்லாம் தெரியாமல் செய்த தப்பு அல்ல, தனி அழகியல் என்றார். அமிடெர்னம் என்ற ஊரில் கிடைத்த சவ ஊர்வலச் சிற்பத்தில் இதைப் பார்க்கலாம். இதே முறை கி.பி. 315இல் கான்ஸ்டன்டைன் வளைவில், பேரரசரின் சொந்த நினைவுச்சின்னத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது. கீழே பிறந்த பாணி மேலே போனது என்பது அவருடைய வாதம். ஒரே ஆள் இரண்டு பாணியையும் பயன்படுத்தியிருக்கிறாரே, அதை எப்படி வர்க்கக் கலை என்று பிரிப்பது என்று கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்வி நியாயம்தான். ஆனால் அழகு என்பதற்கு ஒரே அளவுகோல்தான் என்ற எண்ணத்தை உடைத்த வகையில் அவர் எனக்கு முக்கியமானவர்.

நான் வங்கியில் குப்பை கொட்டுகிறவன். அதனால் பாம்பெய்யில் எனக்கு மிகவும் பிடித்த இடம் கசிலியஸ் யுகுண்டஸ் வீடு. ஏலக் கணக்கு பார்த்த வங்கிக்காரர். 1875இல் அவர் வீட்டு மாடியில் கருகிப்போன மரப் பலகைகள் கிடைத்தன. மெழுகு பூசி, ஆணியால் கீறி எழுதிய ரசீதுகள், 150க்கும் மேலே. பெரும்பாலும் கி.பி. 52 முதல் 62 வரை. ஒரே விஷயத்தை இரண்டு தடவை எழுதி, உள்ளே இருப்பதைக் கட்டி முத்திரை வைத்துவிடுவார்கள். வெளியே இருப்பது பார்வைக்கு. தகராறு வந்தால் முத்திரையை உடைத்துப் பார்க்கலாம். நம்ம கவுன்ட்டரில் கார்பன் வைத்து எழுதியதைவிடப் பத்திரம்! உம்பிரிசியா யனுவாரியா என்கிற பெண்ணுக்குப் 11,039 செஸ்டர்ஸ் கொடுத்த ரசீது இருக்கிறது. அதை அவருக்காக எழுதியது ஒரு ஆண். ரசீதுகளில் சாட்சிகள் வரிசையாகப் பெயர் போடுகிறார்கள். யார் முதலில் வந்தாரோ அந்த வரிசை அல்ல. ஆய்வாளர் யோங்மன் எல்லாப் பலகைகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, அது அந்தஸ்து வரிசை என்று காட்டினார். பெரிய மனிதர் மேலே, விடுதலை பெற்றவர் கீழே. ஒரு கோவேறு கழுதை விற்ற ரசீதிலும் யார் யாருக்கு மேலே என்று தீர்மானித்துவிட்டுத்தான் முத்திரை விழுந்திருக்கிறது.

அந்தக் கட்டில் சில ரசீதுகள் வேறு கையெழுத்தில் இருக்கின்றன. எழுதியவர் பெயர் பிரிவாட்டஸ். பாம்பெய் நகராட்சியின் அடிமை. நகராட்சிக்குச் சேரவேண்டிய சலவைப் பட்டறைக் குத்தகைப் பணத்தை வாங்கிக்கொண்டு, நகராட்சியின் அடிமையாகிய பிரிவாட்டஸ் எழுதுகிறேன், பணம் வந்து சேர்ந்தது என்று தன் கையால் எழுதுகிறார். ஊர்ப் பணம் அவர் கை வழியாகப் போகிறது. ஊர் மொத்தமும் சேர்ந்து அவருக்கு எஜமான். ஓவியம் இல்லை, சிலை இல்லை, கையெழுத்து இருக்கிறது. அதே வீட்டில் ஒரு வெண்கலத் தலை கிடைத்தது. சுருக்கம், மரு, துருத்திய காது, எதையும் மறைக்காத முகம். எங்கள் லூசியஸுக்காக என்று சொல்லி அதை வைத்தவர் ஃபெலிக்ஸ், விடுதலை பெற்றவர். அந்த முகம் யுகுண்டஸ் அல்ல, அவருடைய அப்பாவாக இருக்கலாம் என்கிறார்கள். அந்த மரு வரைக்கும் நமக்குத் தெரிகிறது. அதற்குக் காசு கொடுத்த ஃபெலிக்ஸின் முகம் தெரியாது.

அதே ஊரில் வெட்டியஸ் வீடு. அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள் என்று கருதப்படும் இரண்டு பேர் வாழ்ந்தது. பல வருஷம் மூடிக்கிடந்து 2023 ஜனவரியில் மறுபடியும் திறந்தார்கள். அங்கே விருந்து அறையில் ஓர் ஓவிய வரிசை. துணி வெளுப்பது, நகை செய்வது, வாசனை எண்ணெய் தயாரிப்பது, மது விற்பது, எல்லாம் இருக்கிறது. ஆனால் செய்கிறவர்கள் சிறகு முளைத்த குண்டுக் குழந்தைகள். வேலை விளையாட்டாகிவிட்டது. அதே ஊரில் ஒரு சலவைப் பட்டறையின் தூணிலும் இந்த வேலையை வரைந்திருக்கிறார்கள். அங்கே மனிதர்கள் தொட்டிக்குள் நின்று காலால் மிதிக்கிறார்கள். தொட்டிக்குள் மூத்திரமும் சேரும். ரோமானியச் சலவைக்கு அது வேண்டும். வெட்டியஸ் வீட்டு விருந்தாளிகளுக்கு அந்த நாற்றம் வரக்கூடாது. வீட்டு வாசலிலேயே சுவரில் கீறிய ஒரு எழுத்து இருக்கிறது. யூட்டிகிஸ், கிரேக்கப் பெண், நல்ல சுபாவம், விலை இரண்டு ஆஸ் என்று. அந்த ஊர்ச் சாராயக்கடை ஒன்றின் சுவரில் விலைப்பட்டியல் உண்டு. சாதாரண மது ஒரு ஆஸ், நல்லது இரண்டு ஆஸ், உயர்ந்த ரகம் நான்கு ஆஸ். யூட்டிகிஸ் என்கிற பெண் இரண்டாம் ரக மதுவின் விலைக்கு எழுதப்பட்டிருக்கிறார். அந்தச் சுவரைத் தாண்டித்தான் குழந்தைத் தெய்வங்களைப் பார்க்கப் போகவேண்டும்.

பெண்கள் தாங்களே வைத்த சின்னங்களும் உண்டு. ஓஸ்டியா துறைமுகத்தை ஒட்டிய இசோலா சாக்ரா இடுகாட்டில் ஸ்கிரிபோனியா அட்டிசே என்ற மருத்துவச்சி 2ஆம் நூற்றாண்டில் கட்டிய கல்லறை இருக்கிறது. வாசலுக்குப் பக்கத்தில் சுடுமண் பலகை. பிரசவ நாற்காலியில் ஒரு பெண், பின்னாலிருந்து ஒருத்தி தாங்கிப் பிடிக்கிறாள், மருத்துவச்சி தாழ்ந்த முக்காலியில் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். இன்னொரு பலகையில் அவர் கணவர் அமெரிம்னஸ் ஒருவரின் காலுக்கு வைத்தியம் பார்க்கிறார். தனக்கும் கணவருக்கும் அம்மாவுக்கும், தாங்கள் விடுவித்தவர்களுக்கும் அவர்கள் சந்ததிக்கும் என்று கல்வெட்டில் எழுதியிருக்கிறார். பெரிய மனசு என்று படித்துக்கொண்டே வந்தால் கடைசியில் ஒரு வரி: பனராட்டஸும் புரோஸ்டோசியாவும் தவிர. அவர்கள் என்ன செய்தார்கள் என்று எழுதவில்லை. அடிமைகளை வைத்திருந்து, விடுவித்து, செத்த பிறகும் இடமில்லை என்று கல்லில் வெட்டும் அதிகாரம் ஒரு மருத்துவச்சிக்கும் இருந்திருக்கிறது. ஓஸ்டியாவிலேயே கோழி, முயல், நத்தை விற்கும் பெண்ணைச் செதுக்கிய ஒரு பலகையும் உண்டு. வாடிக்கையாளரை இழுக்க மேசைமேல் இரண்டு குரங்குகளைக்கூட உட்கார வைத்திருக்கிறார். அவருக்குப் பெயர் எழுதவில்லை.

கடைசியாக ஒரு சம்பவம். கி.பி. 61. ரோம் நகரத்தின் தலைமை நிர்வாகி பெடானியஸ் செகுண்டஸை அவருடைய அடிமை ஒருவர் கொன்றுவிட்டார். விடுதலைக்கு விலை பேசிவிட்டு எஜமான் வார்த்தை மாறினார் என்பது டாசிடஸ் சொல்லும் காரணங்களில் ஒன்று. அந்த வீட்டுக் கூரையின் கீழ் இருந்த அடிமைகள் 400 பேர். பழைய வழக்கப்படி எல்லோரையும் கொல்லவேண்டும். பெண்கள், குழந்தைகள், எதுவும் தெரியாதவர்கள் உட்பட. செனட்டில் கசியஸ் எழுந்து, பயம் இல்லாமல் இவர்களை அடக்க முடியாது என்று வாதாடி ஜெயித்தார். அப்போது ரோம் நகரத்துச் சாதாரண மக்கள் கல்லும் தீப்பந்தமும் எடுத்துக்கொண்டு திரண்டார்கள். அந்தக் கூட்டத்தில் அடிமை வம்சத்தில் வந்தவர்கள், நேற்றுவரை அடிமையாக இருந்தவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். யூரிசாசஸ் மாதிரி ஆட்களுடைய பேரப்பிள்ளைகளும் இருந்திருக்கலாம். நீரோ மக்களைக் கண்டித்து அறிக்கை விட்டு, வழி நெடுகப் படைவீரர்களை நிறுத்தி, 400 பேரையும் கொண்டுபோய்க் கொன்றார்.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 59இல், பாம்பெய் விளையாட்டரங்கில் இரண்டு ஊர்க்காரர்களுக்குள் அடிதடி நடந்தது. அதை ஒருவர் தன் வீட்டுச் சுவரில் ஓவியமாக வரைந்து வைத்திருந்தார். இப்போது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடுத்த வருஷம், 62இல், அங்கே நிலநடுக்கம் வந்தபோது கோயில் சாய்வதைப் பளிங்கில் செதுக்கி யுகுண்டஸ் வீட்டுப் பூசை மாடத்தில் பதித்தார்கள். 61இல் கல்லெடுத்த அந்தக் கூட்டத்துக்கு ஓவியம் இல்லை, சிற்பம் இல்லை. எழுதி வைத்தவர் டாசிடஸ் என்கிற செனட்டர். அவர் கசியஸின் பேச்சை நீளமாகத் தருகிறார், தெருவில் நின்றவர்கள் சொன்னதில் ஒரு வார்த்தையும் தரவில்லை.

இத்தோடு நிறுத்திக்கிறேன் தோழர்களே. கேள்வி இருக்கிறவங்க கேளுங்க.